சின்னதாகவும் வேண்டும், சத்தமும் வரக் கூடாது: வீட்டுக் கம்ப்யூட்டரை எத்தனை லிட்டரில் அசெம்பிள் செய்வது?

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யலாம் என்று உட்கார்ந்தால் எல்லோரும் பிராசசரில்தான் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ், எந்தத் தலைமுறை என்று பேச்சு அங்கேயே சுற்றும். சின்னதாகவும் சத்தமில்லாமலும் வேண்டும் என்றால் கேபினட்டில் ஆரம்பியுங்கள், அது எத்தனை லிட்டர் என்று பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். அந்த ஒரு எண்ணைத் தீர்மானித்துவிட்டால் கூலர் (பிராசசரின் சூட்டை இறக்கும் பாகம்), எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), மதர்போர்டு (எல்லாவற்றையும் செருகும் பலகை) எல்லாமே பாதி முடிவான மாதிரி.

ஏன் என்றால், கம்ப்யூட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. நூறு வாட் உள்ளே போனால் நூறு வாட் சூடு வெளியேறியாக வேண்டும், அதைக் காற்றுதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், காற்றைத் தள்ள ஃபேன் வேண்டும். பெட்டி சின்னதானால் ஃபேனும் சின்னதாகும், சின்ன ஃபேன் அதே அளவு காற்றைத் தள்ள வேகமாகச் சுற்றியாக வேண்டும். இங்கேதான் சிக்கல். வேகம் கொஞ்சம் கூடினாலே சத்தம் மளமளவென்று ஏறிவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் சுமார் 15 டெசிபெல் குறையும் என்பது ஃபேன் கணக்கில் வழக்கமாகச் சொல்வது, 10 டெசிபெல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தோன்றும். ஆனால் அதே ஃபேனை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் கூடுவது 3 டெசிபெல்தான். அதனால் வேகமாகச் சுற்றும் ஒரு ஃபேனைவிட மெதுவாகச் சுற்றும் இரண்டு ஃபேன் நல்லது. ஃபேன் எண்ணிக்கையைக் குறைத்தால் சத்தம் குறையும் என்று நினைத்து ஒரே ஒரு ஃபேனோடு பெட்டியை மூடுகிறவர்கள் அந்த ஒன்றைக் கதற விடுகிறார்கள்.

என்னுடைய முதல் சின்னப் பெட்டி 3 லிட்டர் இருக்கும். உள்ளே 37 மி.மீ உயரக் கூலர், அதன் தலையில் 92 மி.மீ அகலமும் 14 மி.மீ தடிமனும் உள்ள ஒல்லி ஃபேன். கூலர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அந்த இடத்துக்குள் அதைவிட நல்லதாக எதையும் வைக்க முடியாது. சும்மா இருக்கும்போது சத்தமே வராது. பிரவுசரில் கனமான பக்கம் ஒன்றைத் திறந்ததும் பிராசசர் ஒரு நொடியில் 80 டிகிரிக்குத் தாவும், ஃபேன் 'வ்வீய்ங்' என்று எகிறும், பக்கம் திறந்து முடிந்ததும் இறங்கும், அடுத்த பக்கத்துக்கு மறுபடியும் எகிறும். பகலில் இது தெரியவே தெரியாது. ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு அதே அறையில் ஒருவர் தூங்க முயன்றால் தெரியும். ஒரே சுதியில் மெதுவாக ஓடும் ஃபேனைக் காது பத்து நிமிடத்தில் மறந்துவிடும், ஏறி இறங்கும் ஃபேனை மறக்கவே மறக்காது. டெசிபெல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது என்று எனக்குப் புரிந்தது அந்தப் பெட்டியில்தான்.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று பார்ப்போம்.

முதல் வழி, ஃபேனே இல்லாமல் செய்வது. இன்டெல் என்100 பிராசசர் 2023இல் வந்தது, 4 கோர், குறிக்கப்பட்ட வெப்ப அளவு 6 வாட்தான். இது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு, மேலே சூட்டைப் பரப்பும் ஒரு அலுமினிய ஹீட்சிங்க்கோடு மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவுப் போர்டாகக் கிடைக்கிறது. எஸ்எஸ்டி ஒன்று, ராம் ஒன்று, வெளியே வைக்கும் அடாப்டர் ஒன்று, அவ்வளவுதான், அசையும் பாகம் என்று எதுவும் இல்லை. வீடியோ பார்ப்பது, எழுதுவது, வங்கி வேலை, குழந்தைகளின் பாடம், பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் எல்லாம் தாராளமாக நடக்கும், ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவையும் ஹார்ட்வேரிலேயே விரிக்கும். படம் எடிட் செய்வது, பெரிய புரோகிராம் கம்பைல் செய்வது, விளையாடுவது எல்லாம் இதில் வேண்டாம். ராமுக்குப் போகும் பாதை (சேனல்) ஒன்றுதான் என்பதால் கிராஃபிக்ஸுக்கும் மூச்சு வாங்கும். இதற்கு மேல் சக்தியுள்ள பிராசசரையும் ஃபேன் இல்லாமல் ஓட்டலாம், நாக்டுவா என்எச்-பி1 அதற்கென்றே செய்த கூலர். ஆனால் அதன் எடை 1 கிலோவுக்கு மேல், உயரம் 158 மி.மீ. அதைச் சுற்றிக் காற்று மேலே எழ இடம் விட்டால் பெட்டி சின்னதாக இருக்காது. இன்னொன்றும் உண்டு. ஃபேன் இல்லாத பெட்டிக்கு அறையின் வெப்பம் நேராகச் சேரும், அறை 35 டிகிரியில் இருந்தால் பிராசசர் அங்கிருந்துதான் ஏறவே ஆரம்பிக்கும். உங்கள் வேலை லேசானது என்று உறுதியாகத் தெரிந்தால் என்100 எடுங்கள், சந்தோஷமாக இருப்பீர்கள். இப்போதைக்கு லேசான வேலை, பிறகு பார்க்கலாம் என்று யோசித்தால் எடுக்காதீர்கள், பிராசசரை மட்டும் கழற்றி மாற்ற முடியாது.

இரண்டாவது, உள்ளங்கை அளவுப் பெட்டி. ஏஎஸ்ராக் டெஸ்க்மினி இதற்கு நல்ல உதாரணம், 155க்கு 155க்கு 80 மி.மீ, கணக்குப் போட்டால் 1.92 லிட்டர். கேபினட், மதர்போர்டு, அடாப்டர் மூன்றும் சேர்ந்தே வரும். பிராசசர், லேப்டாப் வகை ராம், எஸ்எஸ்டி, கூலர் நாம் வாங்கிப் போட வேண்டும். கூலருக்கு 46, 47 மி.மீ உயரம்தான் இடம், கிராஃபிக்ஸ் கார்டுக்கு இடமே இல்லை. மேசையில் மானிட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், மின்சாரமும் கம்மி. நான் மேலே சொன்ன 'வ்வீய்ங்' இங்கேதான் வரும். ஆனால் அதை முக்கால்வாசி அடக்கலாம், எப்படி என்று பிறகு சொல்கிறேன். இடம்தான் உங்களுக்கு முதல் பிரச்சினை என்றால் இதை எடுங்கள்.

மூன்றாவது, 10 லிட்டர் சுற்றுவட்டாரம். ஃப்ராக்டல் டிசைன் டெர்ரா 10.4 லிட்டர், கிராஃபிக்ஸ் கார்டையும் மதர்போர்டையும் முதுகோடு முதுகாக வைத்து நடுவில் ஒரு ரைசர் கேபிளால் இணைப்பார்கள். பார்க்க மிக அழகு, மேசை மேல் வைத்தால் வருகிறவர்கள் கேட்பார்கள். கூலருக்கு அதிகபட்சம் 77 மி.மீ, அதுவும் நடுச்சுவரைக் கார்டு பக்கம் தள்ளினால்தான். கார்டுக்கு இடம் கொடுத்தால் கூலருக்குக் குறையும், கூலருக்குக் கொடுத்தால் கார்டுக்குக் குறையும். செலவும் உழைப்பும் அதிகம் கேட்பது இந்த அளவுதான். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும், பையில் போட்டு எடுத்துப்போகவும் வேண்டும் என்பவருக்கு இது சரி. சத்தமில்லாமை முதல் தேவை என்றால் இதில் போக நான் சொல்ல மாட்டேன்.

நான்காவது வழியைத்தான் நான் கடைசியில் பிடித்துக்கொண்டேன், 18 முதல் 20 லிட்டர். கூலர் மாஸ்டர் என்ஆர்200 2020இல் வந்தது, 18.25 லிட்டர், ஃப்ராக்டல் நோட் 304 கிட்டத்தட்ட 20 லிட்டர். இரண்டுமே 17க்கு 17 செ.மீ மினி ஐடிஎக்ஸ் போர்டுக்கானவை. 20 லிட்டர் என்றால் தண்ணீர்க் கேன் அளவாச்சே, அதைச் சின்னது என்பதா என்று கேட்கலாம். வழக்கமான டவர் கேபினட் 40, 50 லிட்டர் இருக்கும், அதில் பாதிகூட இல்லை இது. ஆனால் அந்தக் கூடுதல் இடத்துக்கு ஒரு பெரிய பலன் உண்டு, உள்ளே டவர் கூலர், அதாவது செங்குத்தாக நிற்கும் உயரமான கூலர், நிற்கும். 120 மி.மீ ஃபேன் போட்ட டவர் கூலர் 65 வாட் பிராசசருக்கு யானைப் பலம். ஃபேன் நிமிடத்துக்கு 600, 700 சுற்றில் சோம்பலாகச் சுற்றினாலே போதும். அந்த வேகத்தில் ஒரு கை தூரத்தில் காதை வைத்தால்தான் கேட்கும். சின்னப் பெட்டியில் 2000 சுற்றுக்கு மேல் ஓடிய வேலை இங்கே 700இல் முடிகிறது. உலோகத் துடுப்புகள் அதிகமாக இருப்பதால் திடீர்ச் சூட்டையும் அவை முதலில் வாங்கிக்கொள்கின்றன, ஃபேன் பதற்றப்படத் தேவையில்லாமல் போகிறது.

வாங்கும்போது ஒரே ஒரு எச்சரிக்கை, உயரத்தை அளந்து வாங்குங்கள். என்ஆர்200 ஏற்கும் கூலர் உயரம் 155 மி.மீ, நாக்டுவா என்எச்-யு12எஸ் 158 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தானே என்று நினைத்தால் பக்கவாட்டுத் தகடு மூடாது. தெர்மல்ரைட் பியர்லஸ் அசாசின் 120 எஸ்ஈ சரியாக 155. நோட் 304இல் 165 வரை இடமுண்டு. கேபினட் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் கூலர் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் ஒரு தாளில் அருகருகே எழுதிவைத்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

ஐந்தாவதையும் சொல்லிவிடுகிறேன், மைக்ரோ ஏடிஎக்ஸ். 244க்கு 244 மி.மீ போர்டு, பெரும்பாலும் நான்கு ராம் இடம், மினி ஐடிஎக்ஸைவிட விலை கம்மி, எஸ்எம்பிஎஸ்ஸும் சாதாரண அளவு. கம்ப்யூட்டர் மேசைக்குக் கீழே போகப் போகிறது என்றால் சின்னதாக இருப்பதற்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை, இதை எடுத்துவிட்டு மிச்சத்தை நல்ல ஃபேனில் போடுங்கள்.

கேபினட் முகப்பு பற்றியும் ஒரு வார்த்தை. பஞ்சு ஒட்டி, கதவு வைத்து மூடியதை 'சைலன்ட்' என்று விற்பார்கள். பஞ்சு உள்ளே இருக்கும் சத்தத்தை மடக்கும், உண்மைதான், ஆனால் காற்று வரும் வழியையும் அடைக்கும், ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்றும். அதிக வாட் இழுக்காத கம்ப்யூட்டருக்கு வலைமுகப்பும் மெதுவான ஃபேனும் தருகிற அமைதியைப் பஞ்சு தந்து நான் பார்த்ததில்லை. ஃபேனுக்கும் தகட்டுக்கும் இடையே அரைவிரல் இடைவெளியாவது இருக்கட்டும். காற்று நுழையும் துளைத் தகட்டில் ஃபேன் ஒட்டி நின்றால் ஒரு மெல்லிய ஊளைச் சத்தம் வரும், ஃபேன்தான் கெட்டுவிட்டது என்று தோன்றும், கொஞ்சம் தள்ளி வைத்தால் போய்விடும்.

பிராசசருக்கு வருவோம். தனிக் கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டர்தான் அமைதியான கம்ப்யூட்டர், அதனால் உள்ளேயே நல்ல கிராஃபிக்ஸ் உள்ள பிராசசர் நம் வேலைக்குச் சரி. ஏஎம்டி ரைசன் 5 8600ஜி, ரைசன் 7 8700ஜி இரண்டும் 2024இல் வந்தவை, 65 வாட் வகை, ஏஎம்5 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்), டிடிஆர்5 ராம் மட்டும்தான் ஏற்கும். உள்ளிருக்கும் ரேடியான் கிராஃபிக்ஸில் இலகுவான விளையாட்டுகள் 1080பியில் நன்றாகவே ஓடும். ராமை இரண்டு குச்சியாகப் போடுங்கள், ஒன்றாகப் போட்டால் கிராஃபிக்ஸ் பாதி செத்துவிடும், ஏனென்றால் அது கம்ப்யூட்டரின் ராமைத்தான் தன் நினைவகமாக எடுத்துக்கொள்கிறது. இன்டெல் பக்கம் கோர் ஐ5-12400 இன்னும் நல்ல பொருள், ஆனால் அதன் உள் கிராஃபிக்ஸ் படம் காட்டவும் வீடியோ ஓட்டவும்தான், விளையாட அல்ல. பெயர் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள் கிராஃபிக்ஸே கிடையாது, அவசரத்தில் அதை வாங்கிவிட வேண்டாம்.

65 வாட் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். 12400 முழு மூச்சில் 117 வாட் வரை இழுக்கும், ஏஎம்டியின் 65 வாட் பிராசசர் 88 வாட் வரை போகும். இதை நாம் கட்டுப்படுத்தலாம். ஏஎம்டி போர்டுகளின் பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்) ஈகோ மோட் என்று இருக்கும், 45 வாட் என்று வைத்தால் உச்சம் 61 வாட்டோடு நிற்கும், இன்டெல்லில் பவர் லிமிட் என்று தேடுங்கள். அன்றாட வேலையில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, நீண்ட வீடியோ எக்ஸ்போர்ட்டில் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பீர்கள், அவ்வளவுதான். 2 லிட்டர் பெட்டி எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

அந்த 'வ்வீய்ங்'கை அடக்க இரண்டாவது மருந்தும் பயாஸில்தான் இருக்கிறது. ஃபேன் கர்வ் (எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று காட்டும் கோடு) பக்கத்தில் போய், பிராசசர் 60, 65 டிகிரி வரும்வரை ஃபேன் ஒரே வேகத்தில் சுற்றட்டும் என்று கோட்டைத் தட்டையாக வைத்துவிடுங்கள். பக்கத்திலேயே ஸ்டெப் அப் டைம் அல்லது ஸ்மூத்திங் என்று ஒன்று இருக்கும், சூடு ஏறி எத்தனை நொடி கழித்து ஃபேன் அசைய வேண்டும் என்பது அது, அதை இருப்பதிலேயே நீண்ட அளவுக்கு வையுங்கள். ஒரு நொடிச் சூடு பிராசசரை ஒன்றும் செய்யாது, அதற்கு ஃபேன் துள்ள வேண்டியதே இல்லை. என் 3 லிட்டர் பெட்டியில் இந்த இரண்டையும் செய்த ராத்திரி, அது ஓடுகிறதா என்று விளக்கைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். வீடியோ எக்ஸ்போர்ட் போட்டால் மட்டும் பழைய குரல் வந்துவிடும், அதற்கு மருந்து இல்லை, இடம்தான் மருந்து, அதனால்தான் 18 லிட்டருக்கு மாறினேன். போர்டில் செருகும் ஃபேன் நான்கு முள் உள்ளதாக இருக்கட்டும், வேகத்தை நன்றாகக் கீழே இறக்க முடியும்.

கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும் என்பவர்கள் வாட்டைப் பார்த்து எடுங்கள். ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி பதிப்பு 70 வாட், தனிப் பவர் கேபிள்கூட இல்லாமல் போர்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட். லேசான வேலையில் ஃபேனை நிறுத்தி வைக்கும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள், இரண்டு பெரிய ஃபேன் உள்ளது ஒற்றைச் சின்ன ஃபேன் உள்ளதைவிடப் பெரும்பாலும் அமைதி. குட்டையான கார்டு என்று ஆசைப்பட்டு ஒற்றை ஃபேன் மாடலை எடுத்தால், கேபினட்டில் சேமித்த அமைதியெல்லாம் அங்கே போய்விடும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் பலர் சறுக்குகிறார்கள். எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வகை 125க்கு 63.5க்கு 100 மி.மீ, அதற்குள் பெரும்பாலும் 92 மி.மீ ஃபேன். எஸ்எஃப்எக்ஸ்-எல் 130 மி.மீ நீளம், அதில் 120 மி.மீ ஒல்லி ஃபேன் நுழையும். சாதாரண ஏடிஎக்ஸில் முழுத் தடிமன் ஃபேனே இருக்கும். நோட் 304 சாதாரண ஏடிஎக்ஸை ஏற்கும் என்பது எனக்கு அதன் பெரிய பலம், என்ஆர்200 எஸ்எஃப்எக்ஸ் கேட்கும். எதுவானாலும் 80 பிளஸ் கோல்டு (மின்சாரத்தைக் கம்மியாக வீணாக்கும் தரம்), குறைந்த சுமையில் ஃபேன் நிற்கும் வகை, தேவைக்கு இரண்டு மடங்கு வாட் என்று எடுங்கள். மொத்தம் 150 வாட் இழுக்கும் கம்ப்யூட்டரில் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபேன் பெரும்பாலும் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இதில் மிச்சம் பிடிக்க நினைத்து நான் பெயர் தெரியாத ஒன்றை வாங்கினேன், அதன் ஃபேன் வாங்கிய நாளிலிருந்தே முழு வேகம்தான், வேகத்தைக் குறைக்க வழியும் இல்லை, மூன்றாம் வாரம் மாற்றினேன்.

எல்லா ஃபேனும் அடங்கிய பிறகு வேறு சத்தங்கள் வெளியே வரும், பயந்துவிடாதீர்கள், முன்பு அவை மறைந்திருந்தன, அவ்வளவுதான். சில்வண்டு மாதிரி 'கீ' என்று ஒன்று வந்தால் அது காயில் சத்தம், மின்சாரம் ஓடும் சுருள்கள் அதிர்வதால் வருவது. ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஸ்எம்பிஎஸ், கார்டு, போர்டு என்று நகர்த்திக்கொண்டே போனால் எங்கிருந்து வருகிறது என்று பிடித்துவிடலாம். கார்டாக இருந்தால் விளையாட்டில் ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்தாலே பெரும்பாலும் குறைந்துவிடும்.

மிச்சமிருப்பது ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டிக்குச் சத்தம் கிடையாது, போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி ஒன்று போட்டு முடித்துவிடலாம், அதில் நிறைய யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுப் படங்கள், வீடியோக்கள் என்று டெராபைட் கணக்கில் இருந்தால் ஹார்ட் டிஸ்க் வந்தே தீரும். 7200 சுற்று டிஸ்க் நொடிக்கு 120 தடவை சுற்றுகிறது, அதனால் 120 ஹெர்ட்ஸில் ஒரு தாழ்ந்த முனகல். அந்த முனகல் கேபினட் தகட்டிலும் மேசைப் பலகையிலும் ஏறி வீணைக்குடம் மாதிரி பெருகும். என் மேசையில் இந்த முனகல் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு நாள் தேடினேன். கடைசியில் கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் மேசையிலிருந்து தூக்கினேன், முனகல் அந்த நொடியே நின்றது, கீழே வைத்தேன், வந்தது. தடிமனான துண்டை நான்காக மடித்து அடியில் வைத்தபோது முக்கால்வாசி குறைந்தது, பிறகு மெத்தென்ற ரப்பர் கால்கள் ஒட்டினேன். மிச்சமிருந்த கால்வாசியும் பிடிக்காமல் போய், டிஸ்க்கைக் கழற்றி ரவுட்டர் இருக்கும் அறையில் ஒரு சின்ன என்100 பெட்டிக்குள் வைத்து நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்கிறேன். மேசை மேல் இருக்கும் 18 லிட்டரில் இப்போது 8600ஜி, இரண்டு குச்சி ராம், ஒரு எஸ்எஸ்டி, 120 மி.மீ ஃபேன் மூன்று, அத்தனையும் 650 சுற்றில்.